கிழித்துச் சேர்த்த புத்தகங்கள்

பொன்னியின் செல்வன் வேண்டும் என்று இன்று நினைத்தால், நாளை மறுநாள் ஐந்து பாகமும் வாசலுக்கு வந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாதவர் கைபேசியில் இந்த நிமிடமே இறக்கிக்கொள்ளலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் எத்தனையோ பதிப்பகங்கள் அதைப் போட்டுவிட்டன. மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, ஒலிநூல் என்று எல்லா உருவிலும் கிடைக்கிறது. எங்கள் கும்பகோணத்து வீட்டுக்கு அந்த நாவல் முழுசாக வந்து சேர மூன்றரை ஆண்டு ஆயிற்று. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி இதழில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. வாரத்துக்குச் சில பக்கம். அந்தப் பக்கங்களைக் கிழித்து, அடுக்கி, பைண்டு போட்டுப் புத்தகமாக்கியவர் என் அத்தை.

நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட காரியம் அது. ஆனால் அந்த ஐந்து பாகங்களைப் படித்துத்தான் நான் தமிழ் நாவலுக்குள் நுழைந்தேன். அத்தையின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பத்திரிகைக்கான காசை அப்பா கொடுத்துவிடுவார். பைண்டிங் கூலிக்கு யாரிடமும் கேட்க அத்தைக்கு மனம் வராது. பால் கணக்கிலும் காய்கறிக் கணக்கிலும் மிச்சம் பிடித்து, மஞ்சள் டப்பாவில் சேர்த்து வைப்பார். ஒரு பாகம் முடியும்போது கூலியும் தயாராக இருக்கும். ஒரு பெண் தன் கையால் சேர்த்த சொத்து என்று எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் புத்தக வரிசைதான். கல்யாணத்துக்குப் போட்ட நகைகூட அவருடைய முடிவு இல்லை. எந்தக் கதையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார்.

இதழ் வந்த அன்றே கிழித்துவிட முடியாது. அதற்கென்று வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் தாத்தா தலையங்கம் பார்ப்பார். பிறகு அப்பா. மத்தியானச் சாப்பாடு முடிந்து எச்சில் இட்டு மெழுகியபின் முற்றத்துத் தாழ்வாரத்தில் அத்தை உரக்கப் படிப்பார். பாட்டிக்கு எழுத்து தெரியாது. கேட்டே மொத்தக் கதையையும் மனத்தில் வைத்திருந்தார். அடுத்த வீட்டு மாமியும் எதிர்வீட்டு மன்னியும் முறத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். வாரத்தின் மீதி நாள்களில் பேச்சு முழுக்க அதுதான். "நந்தினி சொல்றதை நம்பாதேடி, அவ மனசுல வேற ஏதோ இருக்கு" என்று பாட்டி எச்சரிப்பாராம். அடுத்த இதழ் வந்து பாட்டி சொன்னது சரியென்று ஆகிவிட்டால் அன்றைக்குக் கூடுதலாக ஒரு வாய் வெற்றிலை. இதையெல்லாம் அத்தை எனக்குச் சொன்னபோது பாட்டி இல்லை. ஆனால் அவர் குரலில் பாட்டியின் வாதம் அப்படியே இருந்தது.

வீட்டில் எல்லாரும் படித்து முடித்து, தெருவில் நாலு வீடு சுற்றிவிட்டு இதழ் திரும்பி வரும். அப்போதுதான் அத்தை பேனாக்கத்தியை எடுப்பார். வாரப் பத்திரிகையின் நடுவில் இரண்டு கம்பி ஊசி இருக்கும். அதன் கால்களை நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவ வேண்டும். உருவினால் தாள்கள் இரட்டை இரட்டையாக மடித்தபடி பிரியும். ஒரு பாதியில் நம் கதை இருக்கும், மறுபாதியில் வேறு ஏதாவது. மடிப்பிலேயே நகத்தால் நீவி, கத்தியால் இரண்டாக வகுந்து, வேண்டிய பாதியை மட்டும் எடுப்பார். ஊசி இருந்த இடத்தில் துருக்கறை இருந்தால் ஈரத்துணி படக்கூடாது, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும் என்பார். வாரத் தேதியைப் பென்சிலால் மூலையில் குறித்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, மரப்பெட்டியின் அடியில் தட்டையாக வைப்பார். ராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நடுவே கிடக்கும்.

இதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு தொடரின் முதல் பக்கம் அச்சாகியிருக்கும். அத்தை ஒன்றைச் சேர்க்க, சித்தி இன்னொன்றைச் சேர்ப்பார். தாளோ ஒன்றுதான். யாருக்கு அது? தாத்தாவிடம் பஞ்சாயத்து போகும். அவர் சொன்ன தீர்ப்பு: தாள் யாருக்கு விழுகிறதோ அவர் மற்றவருக்கு அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போதும் சித்தி சேர்த்த தொகுப்புகளில் சில இடங்களில் அச்சு நின்று அத்தையின் கையெழுத்து தொடங்கும். கோடு போட்ட நோட்டுத் தாளில், நீலமையில், ஒரு காற்புள்ளி விடாமல் எழுதியிருப்பார். அச்சுக்கும் கைக்கும் நடுவே கதை தடைபடாமல் போகும். எந்தப் பதிப்பகமும் போட முடியாத பக்கங்கள் அவை.

ஒரு பாகத்துக்கு வேண்டிய தாள்கள் சேர்ந்ததும் பைண்டர் பாய் கடைக்குப் போகும். பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பள்ளிக்கூடத்து அட்லஸ், வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம், மளிகைக்கடைப் பேரேடு எல்லாம் அங்கேதான் போகும். என் பள்ளிப் பருவத்தில் அத்தையோடு நானும் போயிருக்கிறேன். 

"ஓரத்தை ரொம்ப வெட்டிடாதீங்க பாய், பக்க நம்பர் போயிடும்" என்பார் அத்தை. 

"தெரியும்மா. ஒங்க வீட்டுத் தாளுக்கு நான் மிஷினே போடறதில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் தர்றேன்" என்பார் அவர்.

அவர் வேலையை நின்று பார்த்தவன் நான். தனித் தாள்கள் என்பதால் புத்தகத் தையல் போட வழியில்லை. மடித்த தாள்களாக இருந்தால் மடிப்பின் நடுவே நூலை விட்டுக் கோர்க்கலாம். இங்கே மடிப்பே கிடையாது. அதனால் கட்டைத் தட்டி நேராக்கி, முதுகோரத்தில் துளையிட்டு, மேலிருந்து கீழாகத் தைப்பார். மெழுகு தடவிய நூல். இந்த ஓரத் தையலில் உள்பக்கத்து வெற்றிடம் முழுக்கப் போய்விடும். வரியின் கடைசி எழுத்து சில இடங்களில் முதுகுக்குள் மறைந்துவிடும். புத்தகத்தை விரித்து வைக்க முடியாது, இரண்டு கையாலும் பிடித்தே படிக்க வேண்டும். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை முதுகில் பூசுவார். துத்தம் சேர்ந்தால் பூச்சி அண்டாது. பிறகு கெட்டி அட்டை, முதுகுக்குச் சிவப்புக் காலிக்கோ துணி, மேலே அலையலையாக நிறம் ஓடும் மார்பிள் காகிதம். கனமான அழுத்துப் பலகைக்குள் ஓரிரவு இருக்கும். மறுநாள் எடுத்துக் கையில் கொடுக்கும்போது பசையின் வாசனையோடு, துளி ஈரத்தோடு இருக்கும்.

இப்படித் தைத்த புத்தகத்தில் கதை மட்டும் இருப்பதில்லை. பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள் வாராவாரம் வந்தபடி அப்படியே இருக்கின்றன. குந்தவையின் கொண்டையும் பழுவேட்டரையரின் மீசையும் நம் மனத்தில் எப்படி இருக்கின்றனவோ அப்படி இருப்பதற்குக் காரணமே அந்தப் படங்கள்தான். பின்னால் வந்த பதிப்புகளில் பல, படமே இல்லாமலோ ஒன்றிரண்டு படத்தோடோ வந்தவை. நான் கல்லூரி நூலகத்தில் அப்படி ஒரு பதிப்பை எடுத்துப் பார்த்தபோது பாதி நாவலைக் காணோம் என்று பட்டது. மணியம் படங்களோடு நல்ல பதிப்புகள் வர நெடுங்காலம் ஆயிற்று.

ஓரங்களில் விளம்பரங்கள். கூந்தல் தைலம், பல்பொடி, ரேடியோ, புதுப்படம். வந்தியத்தேவன் குதிரையேறிப் போகும் பக்கத்தின் அடியில் தலைவலித் தைலம். ஒரு பக்கத்தில் ஆழ்வார்க்கடியான் வாதம் செய்துகொண்டிருப்பான். பின்பக்கத்தில் ஆந்திரம் தனி மாநிலம் ஆவதைப் பற்றிய கருத்துரை பாதியில் நிற்கும். பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டை 1953-இல் இருந்த மனிதர்கள் எந்த உலகத்தில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதை அந்தப் பின்பக்கங்களே சொல்கின்றன. 

கல்கியின் நடையில் ஒரு விஷயமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'நேயர்களுக்கு நினைவிருக்கலாம்' என்கிற பாணியில் அவர் அடிக்கடி பழைய சம்பவத்தைத் தொட்டுக்காட்டுவார். ஒரே மூச்சில் படிக்கிற இன்றைய வாசகருக்கு அது கூறியது கூறலாகப் படும். ஆனால் அவர் பேசியது போன வாரம் இதழைப் படித்து, நடுவில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்த மனிதரிடம். தேதி குறித்த தாள்களில் படிக்கும்போது அந்த நினைவூட்டல் கச்சிதமாக அதன் இடத்தில் இருக்கிறது.

பகுதி பகுதியாக வந்து முழுப் புத்தகமாகும் வழக்கம் பத்திரிகைத் தொடருக்கு முந்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பிக்விக் நாவலை 1836 முதல் 1837 வரை மாதம் ஒரு சிறு இதழாக வெளியிட்டார். 20 பகுதி, கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே இதழாக வந்தது. ஒரு இதழ் ஒரு ஷில்லிங். முழுப் புத்தகத்தை ஒரேயடியாக வாங்க முடியாதவர்கள் மாதாமாதம் வாங்கிச் சேர்த்துப் பைண்டரிடம் கொடுத்தார்கள். நாவல் அங்கே பணக்காரர் அலமாரியிலிருந்து இறங்கி வந்ததில் அந்த ஒரு ஷில்லிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் ஊரிலேயே இதைவிடப் பெரிய வேலை நடந்தது. மணலூர் ம. வீ. இராமானுஜாசாரியார் மகாபாரதம் முழுவதையும் பண்டிதர்களைக் கொண்டு தமிழ் உரைநடையில் மொழிபெயர்க்கச் செய்து, கும்பகோணத்திலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். கையிலிருந்த பொருளைக் கரைத்து, சந்தாதாரர்களை நம்பி, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்த வேலையை இழுத்துக் கரைசேர்த்தார். தொடங்கியபோது சந்தா கட்டியவர்களில் முடிவைப் பார்க்காமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். அப்பன் கட்டிய சந்தாவை மகன் தொடர்ந்திருப்பான். தாத்தாவின் அலமாரியில் அந்தப் பாரதத்தின் சில பருவங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிற அட்டையில், வெவ்வேறு காலத்தில் பைண்டு ஆனவையாக நின்றன. பக்கத்தில் அத்தையின் பொன்னியின் செல்வன். 

தமிழ் நாவலே தொடராகத்தான் வளர்ந்தது. வத்தலக்குண்டு பி. ஆர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி மாத இதழில் வந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் தன் ஜகன்மோகினி பத்திரிகையில் நாவல் நாவலாக எழுதி, வீட்டுக்குள் இருந்த பெண்களை வாசகர்களாக்கினார். 1939-இல் ஆனந்த விகடனில் கல்கியின் தியாகபூமி வந்தபோது, தயாராகிக்கொண்டிருந்த சினிமாவின் காட்சிகளே படங்களாக அச்சாயின. 1950களின் பின்பாதியில் அதே விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் தில்லானா மோகனாம்பாள் எழுத, எங்கள் ஊர் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு படம் போட்டார். குமுதத்தில் சாண்டில்யன் எழுதியபோது லதாவின் ஓவியம். 1968-இல் தில்லானா மோகனாம்பாள் சினிமாவாக வருவதற்கு முன்பே, மோகனாம்பாள் எப்படி நிற்பாள், சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தை எப்படிப் பிடிப்பார் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். கோபுலு காட்டியிருந்தார்.

அத்தையின் அலமாரியில் நான் மிகவும் மதிக்கும் கட்டு இன்னொன்று. அது தாத்தா சேர்த்தது: உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம். 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். சீவக சிந்தாமணியை இந்த ஊரில் இருந்த காலத்தில்தான் 1887-இல் பதிப்பித்தார். அதனால் எங்கள் தெருக்காரர்களுக்கு அது சொந்தக்காரர் கதை. இன்ன தெருவில் இன்னார் வீட்டில் ஐயர் ஏடு பார்த்தார் என்று படித்ததும் அந்த வீட்டுக்காரர் நெஞ்சு நிமிர்ந்து நடப்பாராம். 1942 ஏப்ரல் 28 அன்று ஐயர் காலமானார். கையில் இருந்த அத்தியாயங்கள் மே மாதத்தோடு தீர்ந்தன. 122-ஆம் அத்தியாயத்தோடு வாழ்க்கை வரலாறு பாதியில் நின்றுவிட்டது. 1950-இல் அது புத்தகமாக வந்தது. புத்தகத்தில் படிப்பவருக்கு அது ஒரு தகவல். தாத்தாவுக்கோ, தொடர் இல்லாத விகடன் ஒருநாள் கையில் வந்து சேர்ந்தது. கடைசித் தாளின் அடியில் அவர் ஐயர் மறைந்த தேதியை எழுதி வைத்திருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை.

தொடருக்கும் புத்தகத்துக்கும் இடையில் தலைப்போ எழுத்தோ மாறிவிடுவதும் உண்டு. ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள், தினமணி கதிரில் தொடராக வந்தபோது 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வந்தது. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய கருப்பு சிவப்பு வெளுப்பு எதிர்ப்பு கிளம்பியதால் சில வாரங்களிலேயே நின்றது. பிறகு அவர் அதை 'ரத்தம் ஒரே நிறம்' என்று புதிதாக எழுதினார். நின்றுபோன தொடரின் அந்தச் சில அத்தியாயங்களை யாரோ ஒருவர் கிழித்து வைத்திருந்தால்தான் முதலில் என்ன எழுதப்பட்டது என்று பின்னால் வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பத்திரிகை அலுவலகங்கள் இடம் மாறுகின்றன, மூடப்படுகின்றன. பழைய இதழின் முழு வரிசை எல்லா அலுவலகத்திலும் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. வீடுகளில் இருக்கிறது.

என் காலத்தில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், இந்த வழக்கம் உச்சத்தில் இருந்தது. தெருவுக்குத் தெரு லெண்டிங் லைப்ரரி. அங்கே அச்சுப் புத்தகத்துக்குச் சரிசமமாகத் தொடர்கதை பைண்டிங்குகள் அடுக்கியிருக்கும். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, கதையின் பெயரைக் கறுப்பு மையில் எழுதியிருப்பார்கள். நாள் வாடகைக்கு எடுத்துப் படிப்போம். சாண்டில்யனின் கடல் புறாவை நான் அப்படித்தான் படித்தேன். பாலகுமாரனின் இரும்பு குதிரைகள் கல்கியில் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வெளியூரில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு வாராவாரம் தாளைக் கிழித்து அத்தைக்குத் தபாலில் அனுப்புவேன். ஊரில் அவரிடமும் இதழ் இருக்கும். ஆனாலும் ஒரு உபரிப் பிரதி இருந்தால் பின்பக்கத்துச் சிக்கல் வராது அல்லவா?

பிறகு எல்லாம் மெல்ல மாறியது. மத்தியானத் தாழ்வாரத்தின் இடத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. காத்திருப்பும் ஊகமும் அங்கே தொடர்ந்தன, கையில் சேர்த்து வைக்க மட்டும் ஒன்றும் இல்லை. தொடர் முடிந்த சூட்டோடு பதிப்பகம் புத்தகம் போட்டுவிட, கிழித்துச் சேர்ப்பதற்கு அவசியம் குறைந்தது. பத்திரிகைகளில் தொடர்கதையே சுருங்கியது. கல்கி இதழ் 2020-இல் அச்சில் வருவது நின்று இணையத்துக்குப் போனது. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்து, பொன்னியின் செல்வனுக்குப் புதிய தலைமுறை வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. நாவலுக்கு இப்படி ஒரு வாழ்வு கிடைத்தபோது அதைப் பெற்று வளர்த்த அச்சு இதழ் கடைகளில் இல்லை.

இன்றைக்கும் தொடர் எழுதுகிறார்கள். செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் என் அத்தையைப் போன்றவர்கள்: சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். அத்தைக்குப் படிக்க மட்டும் கிடைத்த இடத்தில் இவர்களுக்கு எழுதவும் இடம் கிடைத்திருக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். கவலை வேறு. ஒரு நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால் அந்த எழுத்தெல்லாம் என்ன ஆகும்? வாசகர் கையில் ஒரு தாளும் இருக்காது. அத்தையிடம் எதையும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. காசு கொடுத்து வாங்கினார், கிழித்தார், தைத்தார், அவருடையது. ஒரு நாவலின் ஆயுளை வாசகரே நீட்டிவைக்கும் அந்த அதிகாரம் இன்று கைவிட்டுப் போயிருக்கிறது.

இருக்கிற தாள்களும் நெடுநாள் தாங்காது. செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்வது. மரத்தில் உள்ள லிக்னின் நீக்கப்படுவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுக்கிறது; தாளில் அமிலம் ஊறி நார் இற்றுப்போகிறது. ஓரத் தையல் போட்ட புத்தகத்தில் தாளைப் புரட்டும்போது மடிகிற கோட்டிலேயே ஒடிகிறது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் இதை இன்னும் விரைவாக்கும். அத்தையின் முதல் பாகத்தை இப்போது நான் மேசையில் வைத்துத்தான் பிரிக்கிறேன். பழுப்புத் துகள் மேசையில் உதிர்கிறது.

அத்தை போனபின் அலமாரியைக் காலி செய்யும் பேச்சு வந்தது. ஒரு நூலகத்தில் கொடுக்கலாமா என்று கேட்டேன். பதிப்பாளர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, விலை இல்லை, இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் என்னை வருத்தியது. ஆனால் பழைய தாள் எல்லாவற்றையும் அப்படிப் பார்க்காத இடங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க வழிசெய்தது. சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் சொந்த முயற்சியில் எழுப்பிய ஞானாலயா நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்னூலாக்கி எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. தாள் சேர்த்த தனிமனிதர்களின் பிடிவாதத்தால்தான் நம் அச்சு வரலாற்றில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைக்கிறது. அத்தை அந்த வரிசையில் நிற்க வேண்டியவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். அம்மா சேர்த்ததோ, பெரியப்பா சேர்த்ததோ. கதைதான் கடையில் கிடைக்கிறதே, இது எதற்கு என்று தோன்றும். கதை கிடைக்கும், அந்தப் படமும், தேதியும், பின்பக்கமும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய கையும் கிடைக்காது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டில் தாளைக் கறையாக்கிவிடும். புதிதாக பைண்டு போடுகிறேன் என்று ஓரத்தை வெட்டவும் வேண்டாம். வெயில் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். கைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒரு தனித்தாளில் இதழின் பெயர், எந்த ஆண்டு, சேர்த்தவர் யார், எந்த ஊர் என்று எழுதி உள்ளே வையுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் நூலகம் அதைப் பதிவேட்டில் ஏற்றுவது எளிது. எடைக்குப் போடுவதென்று முடிவு செய்திருந்தால், அதற்கு முன் மேலே சொன்ன நூலகங்களில் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.